மேரிக்குத் தெரியாத சிவப்பு: கேள்வி பதில்

உலகில் உள்ளதெல்லாம் பௌதிகப் பொருளும் அதன் இயக்கமும்தான், மனமும் மூளையின் வேலைதான் என்கிறது பௌதிகவாதம். ஓர் அனுபவம் உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று நாம் அறிவது இந்தக் கொள்கையை அசைத்துவிடுமா? வந்த கேள்விகள் பலவும் இதைத்தான் சுற்றின.

கேள்வி: ஐயா, மேரியின் கதை என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ஃபிராங்க் ஜாக்சன் 1982இல் ஒரு கட்டுரையில் உருவாக்கிய கற்பனைப் பெண் மேரி. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள அறையில் வாழ்கிறார். எந்த அலைநீளம் விழித்திரையில் பட்டால் மூளையில் என்ன நடக்கும் என்பது வரை, வண்ணப் பார்வையின் அறிவியல் முழுவதையும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வழியாகவே கற்றுவிடுகிறார். ஒருநாள் கதவு திறக்கிறது. வெளியே வந்து, பழுத்த தக்காளி ஒன்றை முதன்முறையாகப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது புதிதாக எதையாவது அறிகிறாரா? அறிகிறார் என்றால், பௌதிக உண்மைகள் அத்தனையும் தெரிந்த பிறகும் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தது. ஆகவே பௌதிகவாதம் பொய் என்றார் ஜாக்சன்.

கேள்வி: கற்பனைக் கதையை வைத்து உலகத்தைப் பற்றி முடிவு கட்டலாமா? நிஜத்தில் இப்படி யாராவது இருந்தார்களா?

ஏறக்குறைய இருந்தார்கள். நார்வே நாட்டு க்னூட் நோர்ட்பி பார்வை ஆராய்ச்சியாளர். பிறவியிலேயே நிறமே தெரியாதவர். வண்ணங்களின் இயற்பியலையும் கண்ணின் செயல்பாட்டையும் ஆழமாகக் கற்றும், வண்ணம் என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பு உதவவில்லை என்று எழுதினார்.

இன்னொருவர் அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பேரி. குழந்தைப் பருவத்திலிருந்தே மாறுகண். இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழப் பார்வை அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்று தம்மால் கற்பனை செய்ய முடியும் என்று நம்பியிருந்தார். பாடம் நடத்துபவர் அல்லவா! 2002இல், ஐம்பதை நெருங்கும் வயதில், கண் பயிற்சிக்குப் பின் காரில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் சக்கரம் எதிரேயிருந்த பலகையை விட்டு விலகி, வெற்றிடத்தில் தனியாக நின்றது. பிறகு பனி பொழிந்த ஒரு நாளில், ஒவ்வொரு பனித்துகளும் தனக்கென ஓர் இடத்தில் விழுவதையும், அவற்றின் நடுவில் தாம் நிற்பதையும் கண்டார். தம் பழைய கற்பனை தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார்.

என் அனுபவம் மிகச் சிறியது. வலக்கண்ணில் புரை நீக்கிய மறுநாள் காலை, கொடியில் காய்ந்த வேட்டியைப் பார்த்தேன். இடக்கண்ணை மூடினால் நீலம் ஓடிய வெண்மை. வலக்கண்ணை மூடினால் தேநீரில் நனைத்த துணி. வயதானால் கண்வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நெடுநேரம் கண்களை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கேள்வி: அப்படியானால் பௌதிகவாதம் தோற்றதா?

இல்லை. மேரி புதிதாக அறிகிறார் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அதிலிருந்து, உலகில் பௌதிகம் அல்லாத ஒன்று இருக்கிறது என்று தாவுவதை ஏற்கவில்லை.

ரயில் கால அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கிறார். வண்டி எங்கோ நிற்கிறது, கைக்கடிகாரமும் இல்லை. எட்டிப் பார்த்து, "இது விழுப்புரம்" என்று அறிகிறார். அவருக்கு இது புதிய அறிவு. எந்த அட்டவணையும் தந்திருக்க முடியாத அறிவு. ஆனால் அதற்காக இருப்புப் பாதையில் புதிய நிலையம் எதுவும் முளைத்துவிடவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை உள்ளே இருந்து அறிந்தார், அவ்வளவுதான். மேரியும் மூளையின் ஒரு நிலையை முன்பு ஏட்டில் அறிந்தார். இப்போது அந்த நிலையில் தாமே இருந்து அறிகிறார். 1990இல் மெய்யியலாளர் பிரையன் லோர் முன்வைத்த விடையும் இந்த வழியில்தான் செல்கிறது.

ஒப்புமை முழுமையானதல்ல. விழுப்புரத்தில் நிற்பது என்றால் என்ன என்பதை நம்மால் விளக்க முடிகிறது. ஒரு மூளை நிலைக்கு 'உள்ளே' என்று ஒன்று ஏன் இருக்கிறது என்பதை இன்றுவரை யாரும் விளக்கவில்லை. அந்தக் கடன் பௌதிகவாதிகள் தலையில்தான் இருக்கிறது. அதை மறைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கேள்வி: மேரி பெறுவது அறிவே அல்ல, நீச்சல் போன்ற ஒரு திறமை மட்டுமே என்கிறார்களே?

அமெரிக்க மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் அப்படித்தான் சொன்னார். சிவப்பை நினைத்துப் பார்க்கவும் அடையாளம் காணவும் மேரி பழகுகிறார் என்பது அவர் விடை. எனக்கு நிறைவில்லை. புடவைக் கடையில் நூறு சிவப்புகளை விரித்துப் போடுகிறார்கள். அதில் ஒன்றைப் பார்க்கும்போது அது எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. வீட்டுக்கு வந்து அதே சாயலை நினைவிலிருந்து எடுக்க முயன்றால் முடிவதில்லை. திறமை இல்லை, பார்த்த கணத்தில் அறிவு இருந்தது.

கேள்வி: ஜாக்சன் பின்னர் மாறிவிட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1990களின் இறுதியில் தம் முடிவைக் கைவிட்டார். அனுபவத்தின் தன்மை பௌதிக உலகில் எந்த விளைவையும் உண்டாக்காது என்றும் 1982 கட்டுரையில் வாதிட்டிருந்தார். அப்படியானால் தக்காளியைக் கண்டு மேரி "ஆ!" என்று வியப்பதற்கும் அந்தச் சிவப்பின் அனுபவம் காரணமாக இருக்க முடியாது. காரணமே அல்லாத ஒன்றை அவர் 'அறிந்தார்' என்று எப்படிச் சொல்வது? வாதத்தின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். சொந்த வாதத்தையே விட்டுவிடும் நேர்மை பெரிது.

கேள்வி: வௌவாலைப் பற்றி எழுதிய தாமஸ் நேகலும் இதையே சொல்கிறாரா?

சற்று வேறு. வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று 1974இல் ஒரு கட்டுரையில் கேட்ட மெய்யியலாளர் அவர். பௌதிகவாதம் பொய் என்று முடிக்கவில்லை; அது எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை என்றார்.

கேள்வி: நான் பிறவியிலேயே பார்வையற்றவன். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் என்னைக் குறையுள்ளவன் என்று சொல்வதுபோல் இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் வருத்தம் நியாயமானது. எடுத்துக்காட்டு எப்போதும் வண்ணமாகவே இருப்பது பார்வையுள்ளவர்கள் எழுதியதால் வந்த பழக்கம். வாதம் இரு பக்கமும் வெட்டும். விரல் நுனியில் பிரெயில் புள்ளிகள் சொல்லாக மாறுவது எப்படி இருக்கும்? பழக்கமில்லாத அறைக்குள் நுழைந்ததும், காலடி ஓசை திரும்பி வருவதிலிருந்து சுவரின் தொலைவு தெரிவது எப்படி இருக்கும்? இவற்றைப் பற்றி எவ்வளவு படித்தாலும் நான்தான் அந்த அறைக்குள் இருக்கும் மேரி. உங்கள் அனுபவத்தை உங்கள் சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.