ஓரமா உக்கார்ற வேலை இல்லம்மா

கேள்வி: பையன் பிளஸ் டூ முடிச்சிட்டு கோஸ்ட் கார்டுலதான் சேருவேன்னு அடம் பிடிக்கிறான். கடலோரக் காவல்படைன்னா கரை ஓரமா நின்னு பாத்துக்குற, ஆபத்தில்லாத வேலைதானே? (வாசகி, தேனி)

பதில்: அம்மா, அந்த 'ஓரம்' மேல எனக்கு ரொம்ப வருஷக் கோவம். 'கடலோரம்'னு பேர் வச்சாலும் வச்சாங்க, ஊர் பூரா இது ஏதோ மெரினாவுல விசில் ஊதுற வேலைன்னு நினைச்சிட்டிருக்கு. பஸ்ல 'ஓரமா நில்லு', பந்தியில 'ஓரமா உக்காரு'ன்னு நாம தினம் புழங்குற வார்த்தையைத் தூக்கி இவங்க தலையில கட்டிட்டாங்க. இவங்க காவல் காக்குற கடல் கரையில இருந்து 200 கடல் மைல் வரைக்கும் போகுது, அதாவது 370 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சென்னையில இருந்து பெங்களூர் போற தூரம், இதுல ஓரம் எங்கம்மா இருக்கு?

கரையை ஒட்டி ரோந்து போறது கடலோரப் பாதுகாப்புக் குழுமம், அது மாநில போலீஸ். கோஸ்ட் கார்டு 1978ல தனிச் சட்டம் போட்டு அமைச்ச படை, பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழ வருது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்கன்னு எங்க பத்திரிகை ஆபீஸ்லயே எத்தனை வாட்டி சண்டை போட்டிருக்கேன், இன்னும் புரூஃப்ல வந்துட்டேதான் இருக்கு.

1999ல அலோன்ட்ரா ரெயின்போன்னு ஒரு ஜப்பான்காரங்க கப்பல், அலுமினியம் ஏத்திட்டு இந்தோனேஷியாவுல இருந்து கிளம்புனதைக் கொள்ளைக்காரங்க பிடிச்சு, பேரை அழிச்சு வேற பேர் எழுதி ஓட்டிட்டு வந்தாங்க. அரபிக்கடல்ல அதை விடாம விரட்டினது கோஸ்ட் கார்டோட தாராபாய் கப்பல், அப்புறம் நேவியோட பிரஹாரும் வந்து சேர்ந்துச்சு. தப்பிக்க வழி இல்லேன்னதும் கப்பலுக்குத் தீ வச்சு மூழ்கடிக்கவே பாத்தாங்க. கப்பலையும் காப்பாத்தி, 15 பேரையும் பிடிச்சாங்க.

ஒருதடவை பத்திரிகைக்காரங்களை சென்னை துறைமுகத்துல இருந்து கப்பல்ல கூட்டிட்டுப் போனாங்க. மத்தவங்க துப்பாக்கியைப் போட்டோ எடுக்க, நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன். பாத்திரம் நகராம இருக்க அடுப்பைச் சுத்திக் கம்பி அடிச்சிருக்காங்க. கப்பல் சாயச் சாய அண்டாவுக்குள்ள சாம்பாரும் சாயுது, அந்தத் தம்பி ஒரு கையில கம்பி ஒரு கையில கரண்டின்னு நின்னு, மேல பாதிப்பேர் வாந்தி எடுத்துட்டிருக்குறப்போ பதறாம தாளிச்சிட்டிருந்தான். அவனும் நாவிக்தான், அதாவது கோஸ்ட் கார்டு மாலுமி, அவ்வளவு மரியாதை வந்துச்சு எனக்கு.

பையன் கணக்கும் பிசிக்ஸும் படிச்சிருந்தா ஜெனரல் டியூட்டி நாவிக்குக்கு எழுதலாம், 18ல இருந்து 22 வயசு. 1.6 கிலோமீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். பயிற்சி ஒடிஷாவுல சில்காவுல. ராணுவத்துல 4 வருஷத்துக்கு ஆள் எடுக்குற அக்னிவீர் மாதிரிக் கணக்கு இங்க கிடையாது. பணம் குடுத்தா சீட்டு வாங்கித் தர்றேன்னு எவனாவது வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புங்க.

ஆபத்து இருக்கும்மா, இல்லேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். புயல்னு தகவல் வந்தா நம்ம படகெல்லாம் கரைக்கு ஓடி வரும், இவங்க கப்பலும் விமானமும் அப்பதான் வெளிய போய் 'திரும்புங்க, திரும்புங்க'ன்னு கூப்பிட்டுட்டுத் திரியும். அந்த நேரத்துல வயர்லெஸ்ல பதறுற நம்ம மீனவருக்குத் தமிழ்லயே பதில் சொல்ல ஒரு தேனிக்காரப் பையன் அங்க இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! அவனுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாதுன்னா இந்த லீவுலயே, நல்லாத் தெரிஞ்ச ஆள் கூட இருக்க, கத்துக்கச் சொல்லுங்க.