வாதியே நீதிபதி

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனையை யூடியூபில் ஏற்றினோம். மறுநாளே ஒரு இசை நிறுவனம் உரிமை கோரி விளம்பரக் காசைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. தியாகராஜர் எப்போது அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கொடுக்கவே இல்லை. அவர் மறைந்தது 1847இல். இயற்றியவர் காலமாகி 60 ஆண்டுவரைதான் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காவல். கீர்த்தனை பொதுச்சொத்து, நிறுவனத்துக்குச் சொந்தமானது அது வெளியிட்ட ஒலிப்பதிவு மட்டுமே. ஆனால் ஏற்றிய வீடியோக்களைத் தானாகச் சோதிக்கும் யூடியூபின் மென்பொருளான கன்டென்ட் ஐடி, மெட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். உங்கள் வித்வான் புதிதாக ஊதியதையும் அது பழைய பதிவோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

கோபப்படுமுன் ஒரு வேலை செய்யுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் காப்பிரைட் விவரத்தைத் திறந்தால், எந்த நிமிடத்திலிருந்து எதுவரை என்று இருக்கும். ஹெட்போன் மாட்டி அந்த இடத்தைக் கேளுங்கள். பின்னால் மைக் செட்காரர் அம்மன் பாட்டை அலறவிட்டிருந்தால், கோரிக்கை நியாயம்தான். அந்தத் துண்டை மட்டும் வெட்டுங்கள், அல்லது ஒலியை அடக்குங்கள்.

நாதஸ்வரம் மட்டும்தான் என்றால் மறுப்புப் போடுங்கள். காரணமாகப் பப்ளிக் டொமைனை, அதாவது பொதுச்சொத்து என்பதைத் தேர்ந்து, கீர்த்தனையின் பெயர், இயற்றியவர் இறந்த ஆண்டு, எந்தக் கோயிலில் யார் வாசித்தது என்று நாலு வரி எழுதினால் போதும். கோரிக்கை வந்த 5 நாளுக்குள் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் காசு முடிவு வரும்வரை நிறுத்திவைக்கப்படும். தாமதித்தால், மறுப்புப் போட்ட நாளிலிருந்துதான்.

மறுப்பு யாரிடம் போகும்? கோரிக்கை போட்ட அதே நிறுவனத்திடம்! பதில் சொல்ல அதற்கு 30 நாள். தள்ளிவிட்டால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம். அதையும் அதே நிறுவனம்தான் 7 நாளில் பார்க்கும். அதற்குப் பிறகு அது வீடியோவை நீக்கச் சொன்னால் உங்கள் தலையில் ஸ்டிரைக், அதாவது காப்பிரைட் மீறல் புள்ளி, விழும். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். நீக்கியது தவறு என்று நீங்கள் யூடியூபுக்கு எதிர் அறிவிப்புக் கொடுத்தால்தான், 10 வேலை நாளுக்குள் வழக்குப் போட்டதைக் காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு வருகிறது. அதுவரை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்களுடையது. கோயில் கமிட்டி வக்கீலைத் தேடாது என்று கணக்குப் போட்டுத்தான் இது நடக்கிறது.

எல்லாக் கீர்த்தனைக்கும் இதே பதில் இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. சினிமாப் பாட்டுக்கும் பெரும்பாலும் உரிமையாளர் உண்டு. வழிபாட்டுச் சடங்கின் பகுதியாக வாசிக்கச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் அதை நம்பி யூடியூபில் ஏற்றாதீர்கள். உரிமையுள்ள பாட்டுகளைத் தனி வீடியோவாகப் பிரித்துவிட்டால் கீர்த்தனைக்கு ஆபத்தில்லை.

சரி, உங்கள் சேனலுக்கு 1,000 சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் உண்டா? இல்லையென்றால் அந்த விளம்பரக் காசு உங்களுக்குப் பெரும்பாலும் வந்திருக்காது.

உண்டு என்றால் என் கேள்வி உங்களுக்கு. பதிவு செய்யவும் வெளியிடவும் வாசித்தவரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 38ஏ பிரிவு. அந்த உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டு. வித்வானிடம் கேட்டீர்களா? அடுத்த திருவிழாவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, எங்கே ஏற்றுவீர்கள், வருமானத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தவில்காரரையும் சேர்த்து.