ஒரே துணுக்கு, 46 நிமிடம்

கே: எலக்ட்ரானிக் இசைக்காரர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ், ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா மூவரும் சேர்ந்து 2021இல் போட்ட 'ப்ராமிஸஸ்' ஆல்பத்தை ஆகா ஓகோ என்கிறார்கள். நானும் கேட்டேன் சார், ஆரம்பத்தில் வரும் துணுக்கே திரும்பத் திரும்ப வருகிறது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
– வாசகர், திருச்சி

ப: நீங்கள் துணுக்கையே கவனித்துக்கொண்டிருந்தால் பொறுமை போகத்தான் செய்யும். பியானோவும், அதே மாதிரி கட்டை அழுத்தி வாசிக்கும் ஹார்ப்சிகார்ட், செலஸ்டாவும் கலந்து வரும் அந்தச் சில சுரங்கள், கச்சேரியில் தம்பூரா மாதிரி, அவை பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு சாக்ஸபோனைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1965இல் ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் குழுவில் சேர்ந்து, காது கிழிய அலற வைக்கும் வாசிப்புக்குப் பேர்போன மனிதர் சாண்டர்ஸ். இந்த ஒலிப்பதிவின்போது எண்பதை நெருங்கிவிட்டார், இங்கே ரெண்டு வரி வாசிப்பார், நிறுத்துவார், துணுக்கு நாலு தடவை வந்து போகும், அப்புறம் விட்ட இடத்தில் தொடுவார். மூச்சுக் காற்றும் சாக்ஸபோன் சாவிகள் தட்டும் சத்தமும்கூடக் கேட்கும். நாலாவது பகுதியில் வாத்தியத்தையே கீழே வைத்துவிட்டு வாயாலேயே ஏதோ முணுமுணுக்கிறார், எனக்கு ஆல்பத்திலேயே பிடித்த இடம் அதுதான். ஆறாவது பகுதியில் வயலின் கூட்டம் மொத்தமாக எழுந்து வருவதைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் சினிமா க்ளைமாக்ஸ் வாடை. சாண்டர்ஸ் 2022இல் காலமானார்.

கே: இந்த மாதிரி இசைக்கும் நம்ம பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– வாசகி, பொள்ளாச்சி

ப: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! ஜானின் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்று ஓர் ஆல்பம் போட்டார். அந்தச் சச்சிதானந்தா, கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா போய், 1969 வுட்ஸ்டாக் ராக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சுவாமிதான். அந்த ஆல்பத்திலும் சாக்ஸபோன் நம்ம சாண்டர்ஸ். தம்பூரா சுருதி, அதன்மேல் டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தில் ஒரே வரி சுற்றிச் சுற்றி வர, ஆலிஸின் ஹார்ப் மேலே வழியும். தலைப்புப் பாட்டு ஆறேழு நிமிடம்தான், திருச்சி வாசகரும் முதலில் இதைக் கேட்டுவிட்டு 'ப்ராமிஸஸ்' பக்கம் போகலாம்.

கே: 'ப்ராமிஸஸ்' ஆல்பத்தைக் காரில் கேட்கலாமா?
– இன்னொரு வாசகர், சேலம்

ப: வேண்டாம். பாதி இடம் இன்ஜின் சத்தத்திலேயே போய்விடும். ராத்திரி ஹெட்ஃபோனில் கேளுங்கள்.