யூதர்களின் பண்டிகைகளைக் கிறிஸ்தவர்களும் ஆசரிக்க வேண்டுமா?

லேவியராகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லும் பண்டிகைகளைக் கிறிஸ்தவர்களும் ஆசரிக்க வேண்டுமா, வேண்டாமென்றால் அவற்றால் நமக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசரிக்க வேண்டிய கடமை இல்லை. ஆனால் அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாமல் சுவிசேஷங்களைப் படிப்பவருக்குப் பல இடங்களில் பேச்சு மட்டும் கேட்கிறது, பேசிய சூழல் தெரிவதில்லை.

கடமை இல்லை என்பதை நீட்டி விளக்கத் தேவையில்லை. புறஜாதியாரிலிருந்து வந்த விசுவாசிகள்மேல் மோசேயின் நியாயப்பிரமாணத்தைச் சுமத்துவதில்லை என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் மூப்பர்களும் தீர்மானித்ததை அப்போஸ்தலர் 15-இல் காண்கிறோம். பண்டிகை நாளையும் ஓய்வுநாளையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. அதே பவுல் பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் இருக்கவேண்டுமென்று விரைந்ததையும் (அப்போஸ்தலர் 20:16) மறந்துவிடக்கூடாது. யூதராய்ப் பிறந்த அவர் தம் மக்களின் நாள்களை விட்டுவிடவில்லை; மற்றவர்கள்மேல் அவற்றைச் சுமத்தவும் இல்லை.

பயன் என்ன என்பதற்குக் கூடாரப் பண்டிகையை எடுத்துக்கொள்வோம். அது ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாளில், நம் கணக்கில் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. எருசலேமில் கோடைக்காலம் முழுவதும் மழை இராது. பண்டிகை வரும்போது நிலம் வெடித்துக் கிடக்கும், குளங்களும் தொட்டிகளும் வற்றியிருக்கும், அடுத்த பருவமழை வருமா என்பதே எல்லார் மனத்திலும் இருக்கும். ஆண்டின் தண்ணீருக்கான தீர்ப்பு இந்தப் பண்டிகையில்தான் அளிக்கப்படுகிறது என்று, யூத ரபீமாரின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த நூலான மிஷ்னா கூறுகிறது. தேவாலயம் இருந்த நாள்களில், சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடுவையில் தண்ணீர் மொண்டு, எக்காளம் முழங்க, தண்ணீர் வாசல் வழியாகக் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். அந்தக் குளத்தின் படிகள் 2004-இல் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கும் வேலையின்போது வெளிப்பட்டன. இந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிட்டார் (யோவான் 7:37). மழைக்காக ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி வேண்டிய கூட்டத்தின் நடுவில் அந்தக் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்பதை, பண்டிகையை அறிந்தவரே உணர முடியும். இதே பண்டிகையில், தேவாலயத்தின் பெண்களின் பிராகாரத்தில் உயரமான பொன் விளக்குத்தண்டுகளை ஏற்றுவார்கள் என்றும், ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத் திரிகளாக்கினார்கள் என்றும், அந்த வெளிச்சம் படாத முற்றம் எருசலேமில் இல்லை என்றும் மிஷ்னா சொல்கிறது. அடுத்த அதிகாரத்தில் "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்ற வார்த்தை வருகிறது. காணிக்கைப் பெட்டிகள் இருந்த அந்தப் பகுதியில் அது பேசப்பட்டதாக யோவானே குறிப்பிடுகிறார்.

இத்தனை செழுமையான ஒன்றை ஒரு கால அட்டவணையாகச் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. வசந்தகாலத்தின் நான்கு பண்டிகைகளும் (பஸ்கா, புளிப்பில்லா அப்பம், முதற்பலன், பெந்தெகொஸ்தே) கிறிஸ்துவின் முதல் வருகையோடு நிறைவேறிவிட்டன, எக்காளம், பாவநிவிர்த்தி நாள், கூடாரம் ஆகிய மூன்றும் இரண்டாம் வருகைக்காகக் காத்திருக்கின்றன என்ற வரைபடத்தைக் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள். பாவநிவிர்த்தி நாளில் அது இடறுகிறது. பிரதான ஆசாரியர் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தோடு மகா பரிசுத்த ஸ்தலத்திற்குள் போனதை எபிரெயர் 9 எடுத்துக்கொண்டு, கிறிஸ்து தமது இரத்தத்தோடு ஒரேதரம் பிரவேசித்து நித்திய மீட்பை உண்டுபண்ணினார் என்று முடிந்துபோன காரியமாகவே எழுதுகிறது. அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் அவர் இரண்டாந்தரம் தரிசனமாவதைப் பற்றிப் பேசுவது உண்மைதான். ஆனாலும் பலி ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒரு நாளை இன்னும் நிறைவேறாத பட்டியலில் வைப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தேதி குறிப்பவர்களின் கதை இன்னும் மோசம். 1988 செப்டம்பரில், யூதப் புத்தாண்டை ஒட்டி, கிறிஸ்து வந்து சபையை வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று அமெரிக்கர் ஒருவர் கணித்தார். அது நடவாதபோது 1989 என்று மாற்றினார்.

பஸ்காவைப் பொறுத்தவரை, சில சபைகள் இப்போது, பஸ்கா இரவில் யூத வீடுகளில் நடக்கும் செதெர் என்ற விருந்தை அப்படியே நடத்தி, கடைசி இராப்போஜனத்தில் இயேசு செய்தது இதுவே என்று விளக்குகின்றன. இன்று யூத வீடுகளில் நடக்கும் முறைமை, 70-ஆம் ஆண்டில் தேவாலயம் அழிந்து ஆட்டுக்குட்டிப் பலி நின்றுபோன பின்னரே இந்த வடிவத்துக்கு வந்தது. ஆகவே மேசையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் கிறிஸ்தவ அர்த்தம் பொருத்துவது வரலாற்றிலும் நிற்காது, அந்த மக்களுக்கு மரியாதையாகவும் இராது. பஸ்காவுக்காகக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பொய்ப் பழியால் யூதர்கள் நூற்றாண்டுகளாகக் கொல்லப்பட்டார்கள். 1903-இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த கிஷினேவ் நகரில், அந்தப் பழி தூண்டிய யூத எதிர்ப்புக் கலவரம் ஈஸ்டர் ஞாயிறன்றே மூண்டது. இதை மறந்துவிட்டு நம் மண்டபத்தில் அவர்களுடைய விருந்தை நடித்துக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யூத நண்பர் அழைத்தால் விருந்தாளியாகப் போய் அமர்ந்து கேட்பது வேறு. அதை மனதார வரவேற்பேன்.

நமக்கென்று வளர்ந்த வழக்கங்களும் உண்டு. கேரளத்துச் சுரியானி கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்கவைக்காமல், பெசஹா (பஸ்கா) அப்பம் செய்கிறார்கள். குருத்தோலை ஞாயிறன்று கிடைத்த ஓலையால் அதன்மேல் சிலுவை வைத்து, குடும்பத் தலைவர் ஜெபித்து வெட்டிப் பகிர்ந்தளிக்கிறார், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பால் உடன் வருகிறது. யாரையும் நடித்துக் காட்டாமல் பஸ்காவை நினைக்கும் வழி அது. அந்த மரபு இல்லாத சபைக்கும் பெரிய வியாழன் ஆராதனை இருக்கவே இருக்கிறது. கத்தோலிக்கர் உட்படப் பல சபைகளின் வாசிப்பு அட்டவணையில் அன்றைக்கு, முதல் பஸ்காவைச் சொல்லும் யாத்திராகமம் 12 ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது.