நீயே படிம்மா

போன இதழ்ல "உங்க வீட்ல யாராவது யாருக்காவது புத்தகம் சத்தமா படிச்சுக் காட்டுறீங்களா"ன்னு சும்மா ஒரு வரி கேட்டிருந்தேன். மழை நேரத்துல மலையில கரண்ட் போய் உட்கார்ந்திருந்தப்போ எல்லாரும் பேனாவை எடுத்துட்டீங்க போல, அவ்வளவு கடிதம். இந்த தடவை முழுசா அதுக்கே எடுத்துக்கிறேன். நான் கிளை நூலகத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ, அதனால இதுல எனக்குக் கொஞ்சம் ஆசை ஜாஸ்தி.

கேள்வி: அக்கா, எனக்கு ஒரே பையன், மூணாம் வகுப்பு. தானாவே நல்லா படிப்பான். ஆனா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில போட்டு "நீயே படிம்மா"ங்கிறான். எங்க அத்தை "இப்படிப் படிச்சுக் குடுத்துட்டே இருந்தா சோம்பேறி ஆயிடுவான், அவனையே படிக்கச் சொல்லு"ங்கிறாங்க. நிறுத்திடவா?
*– ஒரு அம்மா, கோத்தகிரி*

பதில்: நிறுத்தாதீங்க தங்கச்சி. எழுத்துக் கூட்டத் தெரிஞ்சுடுச்சு, இனி நாம எதுக்குன்னு நிறுத்துற வீடுதான் அதிகம். அதுவரைக்கும் வாராவாரம் லைப்ரரிக்கு வந்த பிள்ளைங்க நாலாம் வகுப்பு அஞ்சாம் வகுப்புல காணாமப் போறதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கேன்.

எட்டு வயசுப் பிள்ளையோட காது அவன் கண்ணை விட ரொம்ப தூரம் முன்னாடி நடக்குது. அவனா படிச்சா பக்கத்துக்கு நாலு வரி, பெரிய எழுத்து, சின்னக் கதை, அவ்வளவுதான் முடியும். நீங்க படிச்சா ராஜா, கோட்டை, கப்பல், சதி, திரும்பி வந்த அண்ணன்னு பத்து அத்தியாயக் கதையை அப்படியே உள்ள வாங்கிக்குவான். அந்தப் பெரிய கதை காதுல விழாம போச்சுன்னா புத்தகம்னாலே நாலு வரிதான்னு நினைச்சுக்குவான், அப்புறம் ஏன் படிக்கப் போறான் சொல்லுங்க.

இதுல தமிழ்ப் பிள்ளைங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கு. வீட்ல நாம "வந்துட்டான்"னு சொல்றோம், புத்தகத்துல "வந்துவிட்டான்"னு இருக்கு, வீட்ல "சொன்னான்", புத்தகத்துல "என்றான்". எழுத்துத் தமிழை யாரும் வீட்ல பேசுறதில்லை, வீட்ல அது பிள்ளை காதுல விழறதுக்கு நல்ல வழி நீங்க படிக்கிறதுதான். ரெண்டு வருஷம் கேட்ட பிள்ளைக்கு அந்த நடை சொந்தக்கார வீடு மாதிரி ஆயிடும். கேட்காத பிள்ளை பாடப்புத்தகத்தைத் திறந்தவுடனே வேற ஊருக்கு வந்த மாதிரி முழிக்கும், அது மக்குத்தனம் இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். நடுவுல நிறுத்தி "புரிஞ்சுதா, சொல்லு பார்க்கலாம், இதுக்கு அர்த்தம் என்ன"ன்னு கேட்காதீங்க. பகல் பூரா ஸ்கூல்ல அதைத்தான் கேட்டுட்டு வர்றான். அவனா கேட்டா சொல்லுங்க, இல்லைன்னா போய்க்கிட்டே இருங்க. நடிச்சுக் காட்டணும், குரல் மாத்தணும்னும் இல்லை. தமிழ்ல வாக்கியம் நீளம், வினைச்சொல் கடைசியிலதான் வரும், அதனால வாய் ஒரு வரி படிக்கிறப்போ கண்ணு அடுத்த வரிக்குப் போயிடணும், அப்பதான் எங்க மூச்சு விடறதுன்னு தெரியும். ஒரு வாரத்துல பழகிடும். அரசுப் பள்ளின்னா ஊஞ்சல், தேன்சிட்டுன்னு ரெண்டு சிறுவர் இதழும் ஸ்கூலுக்கே வருது, 2022ல இருந்து. முதல்ல அதுல ஆரம்பிக்கலாம்.

அத்தையை விட்டுடாதீங்க, அவங்களுக்கும் ஒரு கம்பளி போட்டு கணப்பு பக்கத்துல உட்கார வைங்க, அவரையோ பட்டாணியோ உரிச்சுக்கிட்டே கேட்கட்டும். நாலாவது நாள் "நேத்து எங்க விட்டே"ன்னு அவங்கதான் கேட்பாங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரரோட அப்பா வார இதழ்ல வந்த தொடர்கதையை எல்லாம் கிழிச்சு பைண்ட் பண்ணி வச்சிருந்தார். பீரோவைத் திறந்தா பூஞ்சை வாடை, சிலதுல பூச்சி அரிச்சிருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.
*– ஒரு வாசகி, குன்னூர்*

பதில்: தூக்கிப் போடாதீங்கம்மா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பொன்னியின் செல்வன் கல்கியில 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் மூணரை வருஷம் வந்துச்சு, அந்த மாதிரி கதையை வாராவாரம் வெட்டி எடுத்து வச்சு பைண்ட் பண்ணினவங்க எவ்வளவு பொறுமைசாலியா இருந்திருக்கணும். கதை எந்தப் பதிப்புலயும் கிடைக்கும், அந்தப் படங்களும் விளம்பரமும் உங்க மாமனார் ஓரத்துல பென்சில்ல எழுதினதும் கிடைக்காது.

உங்க ஊருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருசு, சுவர் எல்லாம் அப்பதான் ஈரம் இழுக்கும். பீரோவை சுவர்ல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, புத்தகத்தை நெருக்கி அடுக்காதீங்க, நடுவுல காத்து போகணும். மழை விட்டு நல்லா காஞ்ச நாள்ல வெளியில கொண்டுபோய் நிழல்ல விரிச்சு வச்சு, காஞ்சதுக்கு அப்புறம் மெல்லிசு பிரஷ்ஷால தட்டிவிடுங்க, மூக்குல துணி கட்டிக்கோங்க. ஈரத்தோட துடைச்சா பூஞ்சை உள்ள ஏறிடும். அரிக்கிறது ராமபாணப் பூச்சியா இருக்கும், அதுக்கு ஈரமும் பசையும்தான் சாப்பாடு, ஈரத்தை நிறுத்தினா பாதி பிரச்சனை போச்சு. ஓலைச்சுவடி காலத்துல வசம்பு வச்சாங்க, நான் வேப்பிலையைக் காய வச்சு துணியில கட்டி வைப்பேன். முக்கியமா மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்க.

கேள்வி: நாங்க படகர். வீட்ல பேசுறது படகு மொழி, ஸ்கூல்ல தமிழும் இங்கிலீஷும். பொண்ணுக்குத் தமிழ்ப் புத்தகம் படிச்சா பாதியில "என்ன சொல்ற"ங்கிறா. எந்த மொழியில படிக்கணும்?
*– ஒரு அப்பா, கட்டபெட்டு*

பதில்: தமிழ்ல ஒரு பக்கம் படிங்க, படகுல அந்தக் கதையைச் சொல்லுங்க, மறுபடி அதே பக்கத்தைத் தமிழ்ல படிங்க. ரெண்டாவது தடவை அவளுக்குத் தானா விளங்கும். படகுக்குன்னு காலங்காலமா வந்த எழுத்து இல்லை, அந்த மொழி வாயில இருந்து வாய்க்குத்தான் வந்திருக்கு, அதனால கதை சொல்றதை நிறுத்தினா இழப்பு உங்க ஹட்டிக்கு, உங்க ஊருக்கே, ரொம்பப் பெருசு. உங்க வீட்டு ஹாலுதான் புத்தகத்துல பால், நீங்க "பா"ன்னு கூப்பிடுறதுதான் "வா"ன்னு பொண்ணுகிட்ட காட்டுங்க, பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். வாரத்துல ஒரு நாள் புத்தகமே வேண்டாம், உங்க அம்மாவை படகுல ஒரு கதை சொல்லச் சொல்லுங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. எங்க பாட்டி சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பிறந்தவங்க, ஒப்பந்தத்துல இங்க வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாது. இப்ப கண்ணும் சரியா தெரியலை, டிவியும் பிடிக்கலை. நான் பிளஸ் ஒன் படிக்கிறேன், சாயந்திரம் அவங்களுக்கு ஏதாவது படிச்சுக் காட்டலாம்னு ஆரம்பிச்சேன். ஆனா அஞ்சு நிமிஷத்துல குறுக்க பேசி வேற கதைக்குப் போயிடுறாங்க, சில நாள் தூங்கிடுறாங்க. நான் படிக்கிறது அவங்களுக்குப் பிடிக்கலையோன்னு இருக்கு.
*– ஒரு பேத்தி, கூடலூர்*

பதில்: உன் கடிதத்தை நான் மூணு தடவை படிச்சேன்மா. பிடிக்காம இல்லை, பிடிச்சதாலதான் பேசுறாங்க. ஒரு வரி அவங்களை எங்கயோ கொண்டுபோய் விடுது, அங்க இருந்து உன்னைக் கூப்பிடுறாங்க. நீ புத்தகத்தை மடியில கவுத்து வச்சுட்டுப் போ அவங்க கூட.

தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா குடும்பம் குடும்பமா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம்ல காத்துக் கிடந்து, இந்த மலைக்கு வந்து மறுபடியும் கொழுந்தே பறிச்சாங்க. அவங்களுக்காகவே அரசாங்கம் ஆரம்பிச்ச தேயிலைத் தோட்டம்தான் டேன்டீ. உனக்கு இது வரலாற்றுப் பாடம், உன் பாட்டிக்கு ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு கப்பல், பிரிஞ்சுபோன ஒரு தங்கச்சி. புத்தகத்துல "லயம்"னோ (வரிசை வீடு) "கங்காணி"ன்னோ (வேலையாளை மேய்க்கிறவர்) "பெரட்டுக் களம்"னோ (காலையில பேர் கூப்பிடுற இடம்) ஒரு வார்த்தை வந்தா அவங்க எப்படி நிமிர்ந்து உட்கார்றாங்கன்னு பாரு. சி.வி. வேலுப்பிள்ளைன்னு ஒருத்தர், சிலோன் தோட்டத்துலயே பிறந்தவர், அந்த மலைநாட்டு மக்களோட நாட்டுப்பாட்டை எல்லாம் தொகுத்து வச்சிருக்கார், கிடைச்சா அதைப் படிச்சுக் காட்டு. நீ முதல் வரி படிச்சா ரெண்டாவது வரியைப் பாட்டியே பாடினாலும் பாடுவாங்க.

ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்துல வை. அவங்க குறுக்க பேசுறதை அவங்க சொல்ற மாதிரியே எழுது, உன் தமிழ்ல திருத்தாதே. மறுநாள் சாயந்திரம் அதையே அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தங்க தன் வாயில வந்த வார்த்தை தாள்ல இருந்து திரும்பி வர்றதைக் கேட்கிறப்போ அவங்க முகம் எப்படி ஆகும்னு நான் எங்க அம்மாகிட்ட பார்த்தேன், எங்க அம்மாவும் கைநாட்டுதான், அதைச் சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை வரலை.

தூங்கினா தூங்கட்டும். உடனே நிறுத்தாம இன்னும் ரெண்டு நிமிஷம் மெதுவாப் படி, குரல் சட்டுனு நின்னா முழிப்பு வந்துடும்.

கேள்வி: போன்ல கதை கேட்கிற ஆப் எல்லாம் இருக்கே, அது போதாதா?
*– ஒரு வாசகர், ஊட்டி*

பதில்: கண்ணு தெரியாதவங்களுக்கும் தனியா இருக்கிறவங்களுக்கும் அது பெரிய வரம், நானும் கேட்கிறேன். ஆனா போன்கிட்ட "இரு, அந்த யானைக்கு என்ன ஆச்சு"ன்னு குழந்தை நடுவுல கேட்க முடியாதே.

கேள்வி: அண்ணன் தம்பி அக்கா எல்லாருமா சேர்ந்து புத்தகம் மாத்திக்கலாம்னு ஆரம்பிச்சோம். நாங்க குன்னூர், அண்ணன் மஞ்சூர், அக்கா மேட்டுப்பாளையம். மூணாவது மாசமே சண்டை, அண்ணன் வீட்டுக் குட்டி ஒரு புத்தகத்துல பக்கத்தைக் கிழிச்சுட்டான், அக்கா பேசுறதில்லை. விட்டுடலாமா?
*– ஒரு தங்கை, குன்னூர்*

பதில்: 1931ல மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில நூலகம் ஓட்டினாங்க, நூலகத் துறை மேதை எஸ்.ஆர். ரங்கநாதன் வந்து தொடங்கி வச்சார், மண்ணு ரோட்டுல புத்தகத்தைக் குலுக்கிக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க. அதுல எத்தனை பக்கம் கிழிஞ்சிருக்கும்? நீங்க மூணு வீட்டுக்கு நடுவுல நிறுத்தலாமா?

என் யோசனை இது. ஒருத்தருக்கு உயிரா இருக்கிற புத்தகத்தைப் பையில போடாதீங்க, அது வீட்லயே இருக்கட்டும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. கைமாறினா பரவாயில்லைங்கிறது மட்டும் பையில போகட்டும், கூட ஒரு நாப்பது பக்க நோட்டு. எந்த வீட்டுக்கு எப்ப வந்துச்சு, யார் யாருக்குப் படிச்சுக் காட்டினாங்க, இது மட்டும் எழுதுங்க, அபராதம் எதுவும் வேண்டாம். கிழிஞ்ச பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டாதீங்க, மஞ்சளாகி அந்த இடமே நொறுங்கிடும், மெல்லிசு வெள்ளைத்தாளை மைதா பசையில ஒட்டுங்க. கிழிச்ச குட்டியையே பக்கத்துல வச்சு ஒட்டச் சொல்லுங்க, ஒட்டினதை அவனே அத்தைகிட்ட கொண்டுபோய்க் குடுக்கட்டும், உங்க அக்கா கோபம் அதுக்கு மேல எப்படி நிக்கும்.

பையில புத்தகம் தீர்ந்தா கிளை நூலகத்துக்குப் போங்க. ஊட்டியில 1859லயே ஆரம்பிச்ச நீலகிரி லைப்ரரி சந்தா கட்டுற உறுப்பினர்களுக்கானது, நம்ம கிளை நூலகம் அப்படி இல்லை, 1948ல வந்த நூலகச் சட்டத்துல நடக்குது, நீங்க வீட்டு வரி கட்டுறப்போ ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியா போகுது. உங்க காசுல வாங்கின புத்தகம் அங்க உட்கார்ந்திருக்கு.

கேள்வி: மேடம், நான் லோடு ஏத்துற வேலை, பச்சைத் தேயிலை வண்டி. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். பொண்ணு ரெண்டாம் வகுப்பு, "அப்பா கதை படி"ங்கிறா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், நடுவுல நின்னு நின்னு போகும், அவ சிரிக்கிறா. அவளுக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு. என் சம்சாரம்தான் இதை எழுதித் தருது.
*– ஒரு அப்பா, குந்தா*

பதில்: தம்பி, அவ உங்களைப் பார்த்துச் சிரிக்கலை, உங்க கூட இருக்கிற சந்தோஷத்துல சிரிக்கிறா, இல்லைன்னா மறுநாள் ஏன் மறுபடி கேட்கப் போறா. ரெண்டாம் வகுப்புப் பிள்ளையும் எழுத்துக் கூட்டித்தான் படிக்குது. கஷ்டமான வார்த்தை வந்தா பெரியவங்களும் நின்னு, திரும்பிப் பார்த்து, மறுபடி முயற்சி பண்றாங்கன்னு அவளுக்கு நீங்கதான் காட்ட முடியும், சரளமா படிக்கிற டீச்சரால அதைக் காட்ட முடியாது.

அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கம்னு சின்னச் சின்னப் புத்தகம் குடுத்திருக்காங்க, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. நுழைல ஆரம்பிங்க, பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரிதான், படம் பெருசு. மத்தியானம் வண்டி நிக்கிறப்போ ஒரு தடவை நீங்க மட்டும் படிச்சுப் பாருங்க, சாயந்திரம் பாதி தடுக்காது. வராத வார்த்தையை அவளையே கேளுங்க, "இது என்னடா கண்ணு"ன்னு. ரொம்ப அசதியா இருக்கிற நாள்ல படத்தைக் காட்டி உங்க இஷ்டத்துக்கு ஒரு கதை சொல்லுங்க, வண்டி போற வழியில காட்டெருமை நின்ன கதை உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்.

இன்னிக்கு ஒரு பக்கம் போதும். நிறுத்தின இடத்துல பென்சில்ல ஒரு புள்ளி வைங்க. ஒரு மாசம் கழிச்சு எந்தப் பக்கத்துல இருக்கீங்கன்னு எனக்கு எழுதுங்க தம்பி, அந்தக் கடிதத்தை மட்டும் சம்சாரத்துகிட்ட குடுக்காம நீங்களே எழுதுங்க, எவ்வளவு கோணலா இருந்தாலும் நான் படிச்சுக்குவேன்.