நகையைத் திருப்பி வைத்து வியட்நாம் போகலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் சொந்த விவசாயம். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவு போக மாதம் 25,000 ரூபாய் மிஞ்சும். சம்பாவில் செலவு போக ஒன்றரை லட்சம் நிற்கும். கோடை விடுமுறையில் ஒரு மாதம் வியட்நாம் முழுக்கச் சுற்ற ஆசை. மூன்று வருடத்துக்கு முன் நகைக்கடன் 2,50,000 வாங்கினோம். மறு வருடம் வீட்டு மராமத்துக்காக 3,50,000 ஆக்கினோம். போன வருடம் மச்சினன் கடைக்குக் கொடுக்க 4,50,000 ஆக்கினோம். ஜனவரி கடைசியில் கெடு. பவுன் விலை ஏறியதால் இப்போது 7,50,000 தருகிறார்கள். பழைய கடனை முடித்து அதே நகையைத் திருப்பி வைக்கலாமா, டிராவல்ஸில் சொல்லும் தவணைத் திட்டத்தில் சேரலாமா? மச்சினனும் மனைவியும் கூட வருகிறார்கள். டிக்கெட்டை நாங்கள் போட்டால் அப்புறம் தருவாராம்.

பதில்: நகைக்கடன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் 25,000 மிஞ்சும் வீட்டில் கடன் ஏன் வருடா வருடம் ஏறுகிறது என்பதுதான் கேள்வி. கெடு வந்தால் கட்டி மீட்காமல், ஏறிய விலைக்குத் திருப்பி வைத்து மிச்சத்தைக் கையில் வாங்குகிறீர்கள். பவுன் விலை ஏறியது வருமானம் போலத் தெரிகிறது. ஏறியது உங்கள் கடன்.

வட்டி பத்து சதவீதம் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். முதல் வருடக் கடைசியில் 2,75,000. அதை 3,50,000 ஆக்கியதில் கைக்கு வந்தது 75,000. அடுத்து 3,85,000, 4,50,000 ஆக்கியதில் 65,000. இந்த ஜனவரியில் 4,95,000 நிற்கும். 7,50,000 ஆக்கினால் கையில் 2,55,000. அதற்கடுத்த ஜனவரியில் பாக்கி 8,25,000. நான்கு வருடத்தில் நீங்கள் தொட்ட பணம் மொத்தம் 6,45,000, வட்டி 1,80,000. இரண்டு பேர் வியட்நாமில் மூன்று வாரம் சுற்றும் காசு அது. இது போதாதென்று, திருப்பி வைக்கும் அன்று பழைய கடனை அடைக்க ஒரு நாளைக்கு வெளியில் புரட்டியிருப்பீர்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றாலே 4,95,000-க்கு ஏறக்குறைய ஐயாயிரம். மதிப்பீட்டுக் கட்டணம் தனி. விவசாய நகைக்கடன் என்று எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தால், அதில் சுற்றுலா போவது முறையும் அல்ல.

ஆகவே இந்த மே வேண்டாம், அடுத்த மே. ஜனவரியில் சம்பா பணம் 1,50,000 கடனுக்குப் போகட்டும். 3,45,000-க்கு மட்டும் திருப்பி வையுங்கள். பிறகு மாதம் 25,000 அந்தக் கணக்கிலேயே கட்டுங்கள். அசலில் குறைகிறதா என்று ரசீதைப் பாருங்கள். வருடத்தில் 3,00,000 கட்டி, வட்டி இருபதாயிரம் சேர்த்தாலும், பாக்கி 65,000-தான். அடுத்த சம்பாவில் அதை அடைத்து நகையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் 85,000 நிற்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 75,000. ஆக 1,60,000. குறுவையை நான் சேர்க்கவில்லை; மேட்டூர்த் தண்ணீரை நம்பி டிக்கெட் போட முடியாது.

இந்தத் தொகைக்கு ஒரு மாதம் கிடைக்காது, 18 நாள் கிடைக்கும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாக இரண்டு பேருக்குப் போகவர 56,000 வையுங்கள். அறை, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் நாளுக்கு 4,500 வீதம் 81,000. ஹாலோங் விரிகுடாப் படகுக்கு 12,000. விசா, காப்பீடு இரண்டும் சேர்த்து 8,500. கூட்டினால் 1,57,500. இ-விசா தலைக்கு 25 டாலர். 90 நாள் வரை தருவார்கள்.

ஏப்ரல் 30, மே 1 அங்கே தேசிய விடுமுறை. ரயிலும் அறையும் நிரம்பிவிடும். மே 5-க்குப் பிறகு இறங்குங்கள். ஹனோய், நின் பின், சாபா பார்த்துவிட்டு, இரவு ரயிலில் நடு வியட்நாமில் உள்ள ஹுவே வாருங்கள். 13, 14 மணி நேரம், ஓர் இரவு அறை வாடகை மிச்சம். ஹோய் ஆன் பார்த்து டானாங்கில் விமானம் ஏறலாம். மே மாதத்தில் நடு வியட்நாம் காய்கிற வெயில்தான், ஆனால் வெள்ளம் இல்லை. அக்டோபர், நவம்பரில்தான் அங்கே வெள்ளம். சாபாவின் படிக்கட்டு வயல்களில் மே மாதத்தில்தான் நடவுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். மெக்கோங் டெல்டாவை இந்த முறை விட்டுவிடுங்கள்; வாய்க்காலும் நெல்லும் நீடாமங்கலத்திலேயே இருக்கிறது.

டிராவல்ஸ்காரரின் ‘வட்டியில்லாத் தவணை’ எனக்குப் பிடிப்பதில்லை. ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் குறைப்பும், செயல்பாட்டுக் கட்டணமும், அதன் மேல் ஜிஎஸ்டியும்தான் வட்டி. பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். அங்கே கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா, வியட்நாம் நாணயமான டாங்கா என்று கேட்டால் டாங் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் தனியாக எடுத்துக்கொள்வார்கள்.

மச்சினன் வரட்டும். பயணத் தேதியைச் சொல்லிவிடுங்கள். டிக்கெட்டை அவரே அவர் கார்டில் போடட்டும். போன வருடம் கடைக்கு வாங்கிய 65,000 இன்னும் வரவில்லை என்றால், இந்தப் பேச்சை ஆரம்பிக்க அதுவே போதும். மனைவி அரசு ஊழியர் என்பதால் வெளிநாடு போகத் துறை அனுமதி வேண்டும். அந்த மனுவைப் பயணத்துக்கு முந்திய ஜனவரியிலேயே கொடுத்துவிட்டு, கையில் உத்தரவு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.