கடலோரத்து டேலியா: கிழங்கை விடுங்கள், விதையைப் பிடியுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "போன டிசம்பரில் கொடைக்கானல் போனபோது பூவோடு ஒரு சிவப்பு டேலியா செடி வாங்கி வந்தேன். மாடியில் தொட்டியில் வைத்தேன். தை வரை பூத்தது. அப்புறம் இலை ஓரமெல்லாம் கருகி, பங்குனிக்குள் செடி காய்ந்துவிட்டது. வாடிய பூக்களைச் சேர்த்துவைத்து ஐப்பசியில் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. தொட்டிக்குள் கிழங்கு கிடக்கிறது. அதை வெட்டி நடலாமா? விதை எடுத்தால் அதே சிவப்பு வருமா? முதலில், எங்கள் ஊரில் இந்தச் செடி வருமா வராதா?"

வரும். ஆனால் மலர்க்காட்சியில் பார்க்கிற மாதிரி சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வராது. உள்ளங்கை அளவுப் பூ, தையில் தொடங்கி மாசி முடிய. அது போதும் என்றால் மேலே படியுங்கள்.

டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ. 1963-இல் அதைத் தேசிய மலராகவே அறிவித்துவிட்டார்கள். மெக்சிகோ வெயிலில் வளர்ந்த பூ நம்மூர் வெயிலைத் தாங்காதா என்று பலர் கேட்பார்கள். அது அங்கே மலைநாட்டுப் பூ. மெக்சிகோ நகரமே கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டரில் இருக்கிறது. நம் கொடைக்கானல் சுமார் 2,100. இரண்டு இடத்திலும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் குளிர் இறங்கும். பகலெல்லாம் இலை சேர்த்துவைத்த சர்க்கரை குளிர்ந்த இரவில் மிச்சமாகும். பூவுக்கும் கிழங்குக்கும் போகும். புழுக்கமான இரவில் செடி மூச்சுவிட்டே பாதியைத் தீர்த்துவிடுகிறது. நம் கரையில் தை மாதத்தில்கூட இரவு 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பூ சிறுப்பதற்கும், பங்குனி பிறந்ததும் மொட்டு கருகுவதற்கும் காரணம் இதுதான். இதற்கு மருந்து கிடையாது. காலத்தைத்தான் சரியாகப் பிடிக்க வேண்டும்.

இலை ஓரம் கருகியது வேறு விஷயம். வெயிலில் வெந்த இலை நடுவிலும் திட்டுத் திட்டாக வெளுக்கும். அடி இலையில் ஆரம்பித்து, நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகி, அது மெல்ல மேலே ஏறினால் உப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததா? நிச்சயம் பூத்திருக்கும்.

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி என்று கரையோரம் முழுக்க இதே கதைதான். முருங்கையும் தென்னையும் தாங்குகிற உப்புத் தண்ணீர் டேலியாவுக்கு ஆகாது. நான் வைத்திருக்கும் கணக்கு: தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரில் 500-க்குக் கீழே காட்டினால் தைரியமாக ஊற்றலாம், 1,000 தாண்டினால் தொட்டிச் செடிக்கு வேண்டாம். இதில் ஒரு பெரிய தப்பு வீட்டுக்கு வீடு நடக்கிறது. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்குவானேன் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை. நாற்றுக்கு அதுதான் அமிர்தம். அதைவிட நல்லது மழைத்தண்ணீர். நம் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் பெரிய மழை, டேலியா நாற்று வளர்வதும் அதே சமயம்தான். மாடித் தண்ணீரை நாலு டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடிவைத்தால் மாசி வரை ஓட்டலாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, அடித்துளை வழியாக நன்றாக ஓடும்படி மழைத்தண்ணீர் ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.

மண்ணிலும் இதே கவனம் வேண்டும். வாசலில் கிடக்கிற கடல்மணலைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் கலந்திருக்கும். தென்னை நார்க்கழிவு நல்ல சரக்கு, ஆனால் உப்பும் சேர்ந்தே வரும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள். செம்மண் இரண்டு பங்கு, கழுவிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆட்டுப்புழுக்கை நம் பக்கம் சல்லிசாகக் கிடைக்கும். ஒரு வருடமாவது பழையதாக இருந்தால் போடலாம். புதுசைப் போட்டால் செடி பச்சைப்பசேலென்று கீரை மாதிரி வளரும், பூவைக் காணோம். சாம்பல் போடும் பழக்கம் இருந்தால் இந்தச் செடிக்கு விட்டுவிடுங்கள். நம் மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளவை, சாம்பல் அதை இன்னும் கூட்டும்.

தொட்டியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதவில்லை. மொட்டைமாடியின் வடகிழக்கு மூலையாக இருந்தால் அதுவும் ஒரு காரணம். மழைக்காலம் முடிந்து மாசி வரை வாடைக்காற்று அந்தப் பக்கமிருந்துதான் பாக் நீரிணையின் உப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி வையுங்கள். மார்கழி, தையில் சூரியனும் தெற்கே சாய்ந்து போவதால் வெயிலுக்குக் குறைவில்லை, காற்றுக்குச் சுவர் மறைப்பு. மண்தொட்டியாக இருக்கட்டும், செங்கல் மேல் ஏற்றிவையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் வேர் வெந்துபோகும்.

சரி, கிழங்கு. வெட்டி நட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். உருளைக்கிழங்கில் கண் கிழங்கின் மேலேயே இருக்கும், எப்படி வெட்டினாலும் ஒன்றிரண்டு தேறும். டேலியாவுக்குக் கண் கிழங்கில் இல்லை; பழைய தண்டோடு கிழங்கு ஒட்டியிருக்கிற கழுத்தில் இருக்கிறது. கொத்தாக இருப்பதைத் தனித்தனியாக ஒடித்து எடுத்தால், பார்க்கக் குண்டாக இருக்கிற கிழங்குகூட மாதக்கணக்கில் மண்ணில் கிடந்து அழுகும், முளைக்காது. உங்கள் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் கொத்தைப் பிரிக்காமல் அப்படியே ஐப்பசிக் கடைசியில் புதுமண்ணில் வையுங்கள், மழை நேராக விழாத இடத்தில். காய்ந்த பனங்கிழங்கு மாதிரி நாராகியிருந்தால் குப்பைக்குத்தான். நம் கோடையில் கிழங்கைக் காப்பாற்றுவது சூதாட்டம். ஈரம் வைத்தால் அழுகுகிறது, காயவைத்தால் சுருங்குகிறது. மலையில் கிழங்கு வழி லாபம், கரையில் விதை வழி லாபம் என்பது பல வருடம் கையைச் சுட்டுக்கொண்டு நான் வந்த முடிவு.

உங்கள் விதை ஏன் முளைக்கவில்லை என்பதற்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, உங்களிடம் இருந்தது ஒரே செடி. டேலியா தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காது. வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரே கிழங்கிலிருந்து பிரித்த இரண்டு செடியும் இந்தக் கணக்கில் ஒரே செடிதான். இரண்டு, கடையில் பார்த்து மயங்கி வாங்குகிற அடுக்குப் பூவில் நடுவட்டம் தெரியாது. சாமந்தி, சூரியகாந்தி போல டேலியாவும் பல நூறு குறும்பூ சேர்ந்த தலை. நடுவில் மஞ்சளாக இருக்கிற குறும்பூக்களில்தான் மகரந்தமும், விதையில் பெரும்பங்கும். அடுக்குப் பூவில் அவை மிகக் குறைவு, இருப்பதும் இதழுக்குள் புதைந்து தேனீக்கு எட்டாது. நீங்கள் விதைத்தது அநேகமாகக் காய்ந்த இதழும் சருகுமாகத்தான் இருந்திருக்கும்.

அதே சிவப்பு வருமா என்றால், வராது. முண்டு மிளகாயில் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த வருடமும் முண்டுதான். டேலியாவில் அந்த நம்பிக்கை வைக்க முடியாது. பெரும்பாலான செடிகொடிகளுக்கு, குணங்களைச் சுமக்கிற குரோமோசோம் தொகுதி இரண்டு; தோட்ட டேலியாவுக்கு எட்டு. அதோடு ஒவ்வொரு விதையும் கலப்பு. சீட்டுக்கட்டை எட்டு மடங்காக்கிக் கலைத்துப் போடுவதுபோல. சிவப்புக்கு மஞ்சள் பிறக்கும், அடுக்குக்கு ஒற்றை பிறக்கும். அதே பூதான் வேண்டும் என்றால் கிழங்கு அல்லது இளந்தண்டுக் கட்டிங். விதையில் வருவது ஒவ்வொன்றும் புதுச்செடி, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இந்த முறை குட்டை ரக விதைப் பாக்கெட் ஒன்று வாங்கி ஆரம்பியுங்கள். ஃபிகாரோ என்ற ரகம் மாதிரி கலவை நிறம் எதுவானாலும் சரி. ஐப்பசி முதல் வாரத்தில், கூரைக்கு அடியில் வெளிச்சம் படுகிற இடத்தில், கழுவிய நார்க்கழிவு நிரப்பிய தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். மழைக்கால ஈரத்தில் நாற்றழுகல் வரும், தட்டை மூடிவைக்காதீர்கள். அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூள் ஒரு சிட்டிகை கலந்தால் நல்லது. முதலில் வரும் விதையிலை போக நாலு நிஜ இலை வந்ததும் பத்து அங்குலத் தொட்டிக்கு ஒன்றாக மாற்றுங்கள். மூன்றாவது ஜோடி இலைக்கு மேல் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வரும். விதைத்து மூன்று மாதத்தில், பொங்கல் கழிந்ததும் பூ. குறைந்தது ஐந்தாறு செடி இருந்தால்தான் மகரந்தத்துக்குக் கவலையில்லை. தேனீ வராத மாடியாக இருந்தால் காலை பத்து மணி வாக்கில் சின்ன பிரஷ்ஷால் ஒரு செடியின் நடுவட்டத்தைத் தொட்டு இன்னொன்றில் தடவுங்கள். குறும்பூக்கள் வெளிவட்டத்திலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், அதனால் ஒரே பூவில் நாலைந்து நாள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

விதைக்கு முதல் பூக்களையே விடுங்கள். எல்லோரும் பறித்து அழகு பார்த்துவிட்டு, கடைசிப் பூவை விதைக்கு என்று ஒதுக்குவார்கள். நம் கரையில் கடைசிப் பூ என்றால் பங்குனி வெயில், விதை பிடிக்காது. தையில் பூத்தது இதழ் உதிர்த்து, விதை முற்ற ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம். மாசிக் கடைசி, பங்குனி முதலில் கைக்கு வந்துவிடும். மழையும் இருக்காது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இதழ் உதிர்ந்த தலையும் இனி விரியப்போகிற மொட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதல் வருடம் ஒரு காலையில் நான் கத்தரியும் கையுமாக நின்று, வாடியதை எல்லாம் வெட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு உள்ளே போனேன். வெட்டியது முழுக்க மொட்டு. உருண்டை, மேல்பக்கம் தட்டை, சட்டைப் பித்தான் மாதிரி இருந்தால் மொட்டு. நுனி கூம்பி, கவிழ்த்துவைத்த பம்பரம் மாதிரி இருந்தால் விதைத்தலை. சந்தேகம் இருந்தால் இரண்டு விரலால் லேசாக அழுத்துங்கள். விதைத்தலை மெத்தென்று அமுங்கும், சில சமயம் பழுப்புத் தண்ணீர்கூடக் கசியும். மொட்டு கெட்டியாக நிற்கும். கசிந்தால் அந்தத் தண்ணீரைப் பிழிந்தே விடுங்கள், உள்ளே தங்கினால் விதை அழுகும்.

பச்சையாக இருந்த கூம்பு காகிதம்போலக் காய்ந்து, காம்பும் பழுப்பானதும் வெட்டி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு ஒரு வெள்ளைத்துணியில் வைத்துப் பிரியுங்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய செதில்கள் நிறைய உதிரும். நடுநடுவே கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ, தட்டையாக, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இருப்பதுதான் விதை. நகத்தால் வளைத்துப் பாருங்கள். வளையாமல், நடுவில் ஒரு தடிப்பு தட்டுப்பட்டால் நல்ல விதை. வெளிறிப்போய் வளைந்தால் பதர். ஒரு தலையில் பத்து நல்ல விதை தேறினாலும் சந்தோஷப்படுங்கள்.

நம் கரைக்காற்றில் விதையைக் காகிதக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தால் ஆடிக்குள் நமுத்துவிடும். கவரை மூடி இறுக்கமான பாட்டிலுக்குள் வைத்து, அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி இரண்டு கரண்டி போட்டு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த ஐப்பசிக்கு எடுத்தால் போதும்.

எந்தச் செடியில் விதை எடுப்பது என்பதுதான் இதில் முக்கியம். செடி சோம்பி, இலை நரம்புகளை ஒட்டி மஞ்சள் கோலமிட்டு இருந்தால் அது அசுவினிப் பூச்சி கொண்டுவந்த வைரஸ். அதைப் பிடுங்கி எறியுங்கள், விதையும் வேண்டாம் கிழங்கும் வேண்டாம். மாசியில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வரும், அதற்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு மாலையில் தெளித்தால் அடங்கும். மிச்சமிருக்கிற செடிகளில் நிறம் பார்த்து விதை எடுக்காதீர்கள். உங்கள் மாடியில், உங்கள் தண்ணீரில், எது கடைசி வரை அடி இலை கருகாமல் நின்றதோ அதில் எடுங்கள். கவரின் மேல் நிறத்தை எழுதும்போது, அந்தச் செடி மாசி எத்தனாம் தேதி வரை பச்சையாக நின்றது என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.